துண்டுக்குக் கட்டிய காப்பு

பிள்ளையார்பாளையத்தில் சிவபாலனைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள்.

"எப்ப வந்தே? எப்ப போறே?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வந்து விழும். பால் கடைக்காரர் கேட்பார், இஸ்திரி வண்டிக்காரர் கேட்பார், கூடப் பிறந்த அக்காவே கேட்பாள். "பஸ் ஸ்டாண்டுல டைம் விசாரிக்கிற மாதிரி கேக்குறாங்கமா. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிடான்னு ஒருத்தரும் சொல்றதில்ல" என்று மனைவி சங்கரியிடம் பொருமுவான்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தத் தெருவில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு. விடிந்தும் விடியாததுமாகக் குடத்தோடு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டைப் பார்த்து, "குழாய்ல தண்ணி வந்துச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அவன் வாசலிலேயே நின்றாலும் அவனைத் தாண்டி அடுத்த வீட்டைத்தான் கேட்பார்கள். ஊரில் இல்லாதவனுக்கு ஊர்க் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம். அது அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

கேட்கிறவர்கள்மேல் தப்பில்லை. கத்தார் பக்கம், கரை கண்ணுக்கே தெரியாத நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடை ஒன்றில் சிவபாலன் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. மாற்று ஆள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் இவன் அதே ஹெலிகாப்டரில் ஏறி ஊருக்கு வருவான். அங்கே அவனுக்கென்று ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு சோப்பு டப்பா. இங்கேயும் அப்படியே. இங்கே தறியிலும் அவனுக்கு ஒரு பக்கம் உண்டு. அவர்கள் வீட்டில் நெய்வது கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்பதால் ஊடை நூல் ஓடும் நாடாவைப் போட்டு வாங்க இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். அவன் இருக்கிற மாதங்களில் சங்கரிக்கு எதிரே அவன் உட்காருவான். இல்லாத மாதங்களில் பக்கத்து வீட்டு துர்காதேவி உட்காருவாள். அவன் போட்ட பாதியும் துர்காதேவி போட்ட பாதியுமாகச் சேலை முடிந்து கடைக்குப் போய்விடும். கட்டிக்கொள்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் தெரியும், துர்காதேவி கொஞ்சம் அழுத்தமாக அடிப்பாள்.

தறியில் அவன் இடத்தை இன்னொருவர் நிரப்பிவிடலாம். ஊரில் யாரும் நிரப்ப முடியாத ஒரே ஓர் இடம் அவனுக்கு இருந்தது. அது சூரனுக்குப் பின்னால்.

ஐப்பசியில் தெரு முருகன் கோயிலில் சூரசம்ஹாரம். மரமும் மூங்கிலுமாகக் கட்டிய சூரன் வீட்டு மாடி உயரம் இருப்பான். மீசை மட்டும் ஒரு முழம். தெருப் பையன்கள் அவனைத் தோளில் தூக்கி முன்னும் பின்னும் ஓட்டி, ஆட்டி, முருகனோடு சண்டைக்கு விடுவார்கள். முதலில் யானைத் தலை. வேல் வந்து தொட்டதும் அது போய்ச் சிங்கத் தலை வரும். அதுவும் போனால் சூரனின் சொந்தத் தலை. கடைசியில் மாமரம், சேவல். இவ்வளவையும் ஓடுகிற, குலுங்குகிற சூரனின் முதுகுக்குப் பின்னால் ஒற்றைப் பலகையில் நின்றுகொண்டு ஒருவன் மாற்ற வேண்டும். வேல் தொடுகிற நொடியும் தலை கழல்கிற நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வினாடி முந்தினால் சிரிப்பு, ஒரு வினாடி பிந்தினால் அபசகுனம். மீசை முளைத்த காலத்திலிருந்து அந்தப் பலகையில் நிற்கிறவன் சிவபாலன். அவனை யாரும் பார்க்க முடியாது, ஆனால் ஊரே அண்ணாந்து பார்த்துக் கத்துகிற அந்த நொடி அவன் கையில் இருக்கும். அதற்காகவே கடலில் தீபாவளிக்கு லீவு கேட்காமல், கூட்டாளிகளுக்கு விட்டுக் கொடுத்து, நயந்து, கெஞ்சி, எப்படியாவது கந்த சஷ்டிக்கு ஊரில் இருப்பான்.

இந்த வருஷம் காற்று வந்து கெடுத்தது.

கிளம்ப வேண்டிய நாளில் கடல் மேல் புழுதிக் காற்று கிளம்பி ஹெலிகாப்டர் பறக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஊரில் சஷ்டி தொடங்கிவிட்டது. சூரன் வேலைக்கு நிற்கிறவர்களுக்கு முதல் நாளே கோயிலில் வலது கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டினால் ஆறு நாளும் விரதம், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டாதவன் சூரனைத் தொடவே கூடாது.

சிவபாலன் மேடையின் சாப்பாட்டு அறையில் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகள் காயத்ரி கோயிலிலிருந்து வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். பெரியதனக்காரர் மயில்வாகனம் தாம்பாளத்தோடு நின்றார். சிவபாலனுக்கு அவர் பெரியப்பா முறை. சாமி காரியம் என்றால் சொந்தத் தம்பியையே வரிசையில் பின்னால் தள்ளுகிற மனிதர்.

"சிவபாலன் எங்க? கைய நீட்டச் சொல்லு" என்றார்.

சங்கரி முன்னால் வந்தாள். "அவரு கடல்ல மாட்டிக்கினு இருக்காரு மாமா. காத்து அடிக்குதாம். ஆறாம் நாளுக்குள்ள வந்துடுவாரு."

"அப்ப இந்த வருஷம் முத்துக்குமார் ஏறட்டும். பாதி வருஷம் ஊர்லயே இல்லாதவனை நம்பிச் சாமி காரியம் செய்ய முடியாதும்மா. இவன் ஏறிப் பழகிட்டான்னா இனிமே இவனே இருக்கட்டும்."

சிவபாலன் செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். 'இனிமே' என்கிறாரே! திரையில் முத்துக்குமார், தூரத்துத் தம்பி, நல்ல பையன், சூரனைத் தூக்க அப்போதுதான் காப்புக் கட்டிக்கொண்டவன், சங்கடத்தோடு நெளிந்தான். சங்கரி மட்டும் அசையவில்லை. இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறித் தாம்பாளத்தின்மேல் நீட்டினாள். சூரன்மேல் ஏறும்போது சிவபாலன் தலையில் கட்டுகிற துண்டு.

"இதுக்குக் கட்டுங்க."

"துண்டுக்கா? துண்டுக்குக் கை இருக்குதா?"

"அவரு வேர்வை இருக்குது. போன வருஷம் மழைல சாமி வெளிய வர முடியலைன்னு வேல் மட்டும் எடுத்துக்கினு தெரு சுத்துனீங்களே மாமா, அப்ப சாமி வந்ததா இல்லியா?"

"வந்ததுதான். அதுக்கு?"

"சாமிக்கு வேல். எங்க வீட்டுக்காரருக்குத் துண்டு."

அங்கே நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "சரியாத்தானே கேக்குது, கட்டுபா!" என்று துர்காதேவி கத்தினாள். படம் அப்படியே உறைந்துவிட்டது. சிவபாலன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான், கதவுக்கு ஓடினான். மலையாளிச் சமையல்காரர் கரண்டியோடு பின்னால் ஓடி வந்தார். படம் திரும்ப வந்தபோது தாம்பாளத்தில் சிவப்புத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதன் நடுவில் மஞ்சள் கயிறு. மயில்வாகனம் விரலை ஆட்டிக் கடுகடுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது. துண்டுக்கும் அதே சட்டம்தான், ஆமா!"

சாப்பாட்டு அறையே கை தட்டியது. என்ன ஏது என்று புரியாமலே பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் அவனைக் கட்டிப் பிடித்தான். சிவபாலன் தன் வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கயிறு அங்கே இருப்பது போலவே இருந்தது. அன்றிலிருந்து முட்டையைத் தொடவில்லை. தயிர்ச்சோறும் வாழைப்பழமும்தான். ஊரில் துண்டு சாமி அலமாரியில் இருந்தது. சங்கரி அதற்கு முன்னால் இலை போட்டுப் பால் பழம் வைக்கிறாள் என்று காயத்ரி சிரித்துக்கொண்டே போட்டோ அனுப்பினாள்.

சம்ஹாரத்துக்கு முந்தின நாள் காற்று நின்றது. மாற்று ஆள் இறங்கிய வேகத்தில் அவனுக்குக் கைகூடக் கொடுக்காமல் இவன் ஏறினான். மறுநாள் சென்னையில் இறங்கும்போது உச்சி வெயில். விமானம் தாமதம். பெட்டி வருவதற்கு அதைவிடத் தாமதம். வாடகைக் காரில் ஏறியதும் டிரைவர் கேட்டார், "காஞ்சிபுரமா? கல்யாணமா சார்?"

"சண்டை" என்றான் சிவபாலன். "சாயங்காலத்துக்குள்ள போயே ஆகணும்."

டிரைவர் கண்ணாடியில் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். பெங்களூர் சாலை அடைத்துக்கொண்டு கிடந்ததால் ஒரகடம் வழியாகத் திருப்பினார்கள். வாலாஜாபாத் கடைவீதியில் நெல் லாரி ஒன்று குறுக்கே நின்று, பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் பிடிவாதம் பிடித்தது. சிவபாலன் பொறுக்காமல் இறங்கிவிட்டான். கிரேன் ஓட்டுகிறவன் கை சும்மா இருக்குமா! நடுரோட்டில் நின்று, கடலில் சைகை காட்டுகிற மாதிரியே கட்டை விரலையும் முஷ்டியையும் காட்டி, லாரியைப் பின்னால் எடுக்க வைத்து வழி விடுவித்தான். "எந்த ஸ்டேஷன் சார் நீங்க?" என்று லாரிக்காரர் பயந்துகொண்டே கேட்டார். அவன் காருக்குள் பாய்ந்துவிட்டான். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, பாலம், சின்ன காஞ்சிபுரம். காயத்ரி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டாள். "அப்பா, சூரனுக்கு மாலை போட்டுட்டாங்கப்பா! அப்பா, மேளம் வந்துடுச்சுப்பா!"

தெருமுனைக்கு மேல் கார் போகவில்லை. அவ்வளவு கூட்டம். விமான நிலையச் சீட்டுத் தொங்குகிற பையோடு அவன் ஓடினான். முனையிலேயே சங்கரி இரண்டு குடம் தண்ணீரோடு நின்றிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வழியில் சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. பேண்ட், சட்டை, பெல்ட்டோடு அவன் தலையில் முதல் குடத்தைக் கவிழ்த்தாள்.

"ஐயோ, செல்போனு!"

"எடுத்து வெளிய போடுங்க, இன்னொரு குடம் இருக்குது."

இரண்டாவது குடமும் இறங்கியது. கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். இரண்டு மாதக் கடல் உப்பும் அந்தத் தண்ணீரில் போன மாதிரி இருந்தது. ஈரத்தோடு வேட்டியைச் சுற்றிக்கொண்டு, சங்கரி நீட்டிய துண்டை வாங்காமல், "பெரியப்பா கையால கட்டட்டும்" என்று கோயில் வாசலுக்கு ஓடினான்.

மயில்வாகனம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு விநாடி அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் விட்டது.

"நீ இப்ப எங்கிருந்து வர்றே?"

"ஏர்போர்ட்லருந்து பெரியப்பா. நேரா இங்கதான்."

"ஏர்போர்ட்டு எல்லைக்கு உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?"

"வெளிய."

"அப்ப எல்லை தாண்டிட்டே. காப்பு முறிஞ்சு போச்சு. தள்ளி நில்லு."

 சங்கரி முன்னால் வந்து வழக்கைப் பிடித்துக்கொண்டாள். "துண்டு தாண்டலையே மாமா! தெருவை விட்டே வெளிய போவல!"

"துண்டுதான் அவன்னு சொன்னது யாரு? நீதானேம்மா? துண்டு இவன்னா இவன் ஆறு நாளா ஊர்லதான் இருந்திருக்கணும். ஊர்ல இருக்கிறவன் ஊருக்குள்ள எப்படி வர முடியும்? வர்றான்னா வெளிய போயிருக்கான்னுதானே அர்த்தம்?"

அவ்வளவுதான், தெரு இரண்டாகப் பிரிந்தது. வெளியே போனால்தான் குற்றம், உள்ளே வந்தால் என்ன குற்றம் என்றது ஒரு கட்சி. போகாதவன் எப்படி வருவான் என்றது இன்னொரு கட்சி. இது சிவபாலனே இல்லை, வந்தது வேறு ஆள் என்றுகூட ஒருவர் சொல்லிப் பார்த்தார். குருக்களைக் கேட்டார்கள். "நான் பூஜை பண்றவன்பா, எல்லைத் தகராறுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று அவர் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குள் மேளம் முழங்கியது. நவவீரர் வேஷம் கட்டியவர்கள் வாளோடு அணிவகுத்தார்கள். முருகன் புறப்பட்டுவிட்டார். முத்துக்குமார் பலகையில் ஏறினான். ஏறும்போது திரும்பி, "மன்னிச்சுக்கோணா" என்றான்.

சிவபாலன் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். சூரனை முன்னாலிருந்து அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்ன அழகு, என்ன கம்பீரம்! பையன்கள் 'ஹோ'வென்று ஓட, சூரன் தெருவை அடைத்துக்கொண்டு பாய்ந்து வந்தான், பின்வாங்கினான், மறுபடியும் பாய்ந்தான். கண்ணில் நீர் முட்டியது. தன் இடம் போய்விட்டதே என்ற துக்கமா, இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் விட்டோமே என்ற ஆனந்தமா, அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. வேல் தொட்டது. யானைத் தலை ஒரு தடுமாற்றத்தோடு கழன்றது. "பரவால்ல, பையன் செய்யுறான்" என்று முனகினான். சிங்கத் தலை ஏறியது. மறுபடியும் ஓட்டம். வேல் வந்து தொட்டது.

சிங்கம் அசையவில்லை.

வேல் இன்னொரு தரம் தொட்டது. பின்னாலிருந்து முத்துக்குமாரின் இரண்டு கையும் தெரிய, சிங்கத் தலை இடவலமாக ஆடியதே தவிர வரவில்லை. காலையில் பெய்த மழையில், தலையைச் செருகுகிற முளைக்கட்டை ஊறி இறுகிவிட்டது. சிவபாலனுக்குப் பார்த்ததுமே புரிந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மேளக்காரர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். தூக்குகிற பையன்களின் தோள் நடுங்கியது. முருகன் காத்து நிற்கிறார், வேல் அந்தரத்தில் நிற்கிறது, சூரன் சாக மாட்டேன் என்கிறான்! "அடப் பாவமே" என்று அன்னம்மாள் என்கிற கிழவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிவபாலன் மயில்வாகனத்தைப் பார்த்தான். அவன் கால் தானாக முன்னே போய், தானாக நின்றது. சட்டம் அவருடையது. அதை மீறி ஏறினால் தலை கழலும், ஆனால் தெரு அவனை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

மயில்வாகனம் அந்தரத்தில் நின்ற வேலைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, சங்கரி கையிலிருந்து துண்டைப் பிடுங்கி, மஞ்சள் கயிறு நெற்றிக்கு நேராக வரும்படி அவன் தலையில் இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஆறு நாளா ஊர்லயே இருந்துக்கினு எங்கடா ஒளிஞ்சிக்கினு இருந்தே? ஏறுடா!"

தெரு ஒரே குரலாக ஆர்ப்பரித்தது. சிவபாலன் ஓடினான். யாரோ தோள் கொடுத்தார்கள், யாரோ காலைத் தாங்கினார்கள். பலகையில் ஏறியதும் முத்துக்குமார் இறங்கப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ எங்கபா போறே? அந்தக் காதைப் பிடி. இழுக்காதே. முதல்ல கீழ அமுக்கு. நான் சொன்னதும் உன் பக்கமா திருப்பு."

இரண்டு பேரும் அமுக்கினார்கள். கட்டை கிறீச்சிட்டது. கீழே வேல் மூன்றாவது தரம் நீண்டு வந்தது. தறியில் எதிர்ப்பக்கத்து நாடா வருகிற தருணத்துக்குக் காத்திருப்பானே, அதே மாதிரி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். வேல் முனை தொட்டது.

"இப்ப!"

சிங்கத் தலை பறந்தது. தெரு அதிர்ந்தது. சூரனின் சொந்தத் தலை மீசையோடு எழுந்தது, பாய்ந்தது, விழுந்தது. மாமரம் ஆடியது. கடைசியில் சேவலை முத்துக்குமார் கையில் கொடுத்து, "நீயே தூக்கு" என்றான். பையன் இரு கையாலும் அதை உயர்த்த, "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் புறாக்கள் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. சிவபாலனும் தொண்டை கிழியக் கத்தினான். சூரன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன் கத்தக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

காப்பு அவிழ்க்கும்போது குருக்கள் பழக்க தோஷத்தில், "கைய நீட்டுபா" என்றார். அவன் தலையை நீட்டினான். மயில்வாகனம் பக்கத்தில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் கட்டணும். துண்டுக்கும் சேர்த்து" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, தோளெல்லாம் வலி, சிவபாலன் பல்குச்சியோடு வாசலில் வந்து நின்றான். இஸ்திரி வண்டிக்காரர் போனார். சிரித்துவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து துர்காதேவி இரண்டு குடத்தோடு வெளியே வந்தாள். தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவனைத் தாண்டிப் பார்க்காமல், அவனையே பார்த்துக் கேட்டாள்.

"சிவபாலா, முந்தா நாளு குழாய்ல தண்ணி வந்துச்சாபா?"

முந்தா நாள் அவன் நடுக்கடலில் இருந்தான். உள்ளே தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்த சங்கரியின் கை நின்றது.

"எங்க வந்துச்சு" என்றான் சிவபாலன் அலுத்துக்கொண்டு. "காத்துதான் வந்துச்சு."